துபாஷி வழி விளையாட்டு: லினக்ஸ் மடிக்கணினிக்கு விண்டோஸ் விளையாட்டுகள் வந்த வரலாறு

லினக்ஸ் பயன்படுத்துவோரின் மடிக்கணினியில் நெடுங்காலம் ஒரு மூலை விண்டோஸுக்கென ஒதுக்கப்பட்டிருந்தது. எழுத்து, நிரல், அஞ்சல் எல்லாம் லினக்ஸில். விளையாட வேண்டுமென்றால் கணினியை அணைத்து விண்டோஸை ஏற்ற வேண்டும். 'டூயல் பூட்' எனப்படும் இந்த ஏற்பாடு கடந்த சில ஆண்டுகளில் பலருக்குத் தேவையற்றுப் போயிற்று. விளையாட்டு நிறுவனங்கள் மனம் மாறி லினக்ஸுக்கும் எழுதத் தொடங்கியதே காரணம் என நினைப்பது எளிது. ஆனால் வரலாறு அப்படி நடக்கவில்லை. நிறுவனங்களை இணங்க வைக்கும் முயற்சி இருமுறை நடந்து இருமுறையும் தோற்றது. அவர்களைக் கேட்காமலேயே மொழிபெயர்த்துக்கொண்ட முயற்சிதான் பலித்தது என்பது இக்கட்டுரையின் வாதம்.

லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் லினக்ஸின் கருவான கெர்னலை வெளியிட்டார். மூன்றே ஆண்டில், இட் சாஃப்ட்வேரின் டேவ் டெய்லர் டூம் விளையாட்டை லினக்ஸுக்குக் கொண்டுவந்தார். அது தனியொருவரின் ஆர்வம். அதைத் தொழிலாக்கப் பார்த்தவர் ஸ்காட் டிரேக்கர். 1998இல் கலிஃபோர்னியாவில் அவர் தொடங்கிய லோகி சாஃப்ட்வேர், பெயர்பெற்ற விண்டோஸ் விளையாட்டுகளுக்கு உரிமம் வாங்கி, லினக்ஸில் ஓடும்படி மாற்றியெழுதி, பெட்டியிலிட்டு விற்றது. முதல் வெளியீடு 1999இல் வந்த 'சிவிலைசேஷன்: கால் டு பவர்'. 2001 ஆகஸ்டில் நிறுவனம் திவால் பாதுகாப்புக் கோரியது; 2002 ஜனவரியில் கதவை மூடியது. லினக்ஸ் பதிப்பு பெரும்பாலும் விண்டோஸ் பதிப்புக்குப் பின்னால்தான் வரும். ஆவல் உள்ளவர் டூயல் பூட்டில் அதற்குள் விளையாடி முடித்திருப்பார். ஆக, லினக்ஸ்காரரின் விண்டோஸ் மூலையே லோகிக்குப் போட்டியாக நின்றது. நிறுவனம் போனாலும், அதன் தலைமை நிரலாளர் சாம் லான்டிங்கா எழுதிய எஸ்டிஎல் நூலகம் பிழைத்தது. இன்று அது எண்ணற்ற விளையாட்டுகளின் அடியில் கிடக்கிறது.

இதற்கிணையாக, சந்தைக் கணக்கு எதுவும் இல்லாமல், 1993இலேயே இன்னொரு வேலை தொடங்கியிருந்தது. வைன் என்ற அத்திட்டத்தை 1994 முதல் அலெக்சாந்தர் ஜூலியார் நடத்திவருகிறார். விண்டோஸ் கணினியிலும் லினக்ஸ் கணினியிலும் நுண்செயலி ஒன்றே. எனவே விளையாட்டின் இயந்திரக் கட்டளைகளை மாற்ற வேண்டியதில்லை. கோப்பைத் திற, சாளரம் வரை, ஒலி எழுப்பு என்று நிரல் இயங்குதளத்திடம் கேட்பவற்றுக்கு மட்டும் யாராவது பதில் சொல்ல வேண்டும். புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை பார்த்த துபாஷி உத்தியோகம் போன்றது இது: கேட்பவர் மொழியில் கேள்வியை வாங்கி, ஆள்பவர் மொழியில் சேர்ப்பித்து, பதிலைத் திருப்பித் தருவது. சொல்ல எளிது. வைன் 1.0 வெளிவந்தது 2008 ஜூனில், அதாவது 15 ஆண்டு உழைப்புக்குப் பிறகு. விண்டோஸின் பழைய பிழைகளை நம்பியே எழுதப்பட்ட நிரல்கள் ஏராளம் என்பதால், துபாஷி அந்தப் பிழைகளையும் பிசகாமல் பெயர்க்க வேண்டியிருந்தது.

இரண்டாவது இணங்கவைப்பு முயற்சிக்கு அச்சமே காரணம். விண்டோஸ் 8 தனக்கெனச் செயலிக் கடையுடன் வரவிருந்த 2012 ஜூலையில், வால்வ் நிறுவனத்தின் கேப் நியூவெல் அதைக் கணினித் துறைக்கே பேரழிவு என்றார். மைக்ரோசாஃப்டில் 13 ஆண்டு பணியாற்றியவர் அவர். ஸ்டீம் என்ற தன் விளையாட்டுக் கடை அடைபடக்கூடும் என்று அஞ்ச அவருக்குக் காரணம் இருந்தது. அதே மாதம் லான்டிங்காவும் வால்வில் சேர்ந்தார். 2013 பிப்ரவரியில் லினக்ஸுக்கான ஸ்டீம் வந்தது. 2015 நவம்பரில் லினக்ஸ் ஓடும் 'ஸ்டீம் மெஷின்' பெட்டிகள் கடைக்கு வந்தன. வாங்க ஆளில்லை. லினக்ஸுக்கு மாற்றியெழுதப்பட்ட விளையாட்டுகளிலும் பல, நூலகங்கள் மாற மாறப் பராமரிப்பின்றிப் பழுதாயின. லினக்ஸில் மாறாத இடைமுகம் விண்டோஸின் வின்32 ஒன்றுதான் என்று நிரலாளர்கள் கிண்டலடிப்பதுண்டு. கிண்டல்தான், ஆனால் பொய்யில்லை.

திருப்பம் வரைகலையில் நேர்ந்தது. விண்டோஸ் விளையாட்டுகள் பேசும் டைரக்ட்3டியை வைன் ஓப்பன்ஜிஎல்லாகப் பெயர்த்துவந்தது. இரண்டின் இலக்கணமும் ஒத்துவராததால் வேகம் வீணாயிற்று. 2016 பிப்ரவரியில் வெளியான வல்கன், வரைகலைச் சில்லை நேரடியாகக் கையாள இடம் கொடுத்தது. பிலிப் ரெபோலே என்ற நிரலாளருக்கு 'நியர்: ஆட்டோமேட்டா'வை லினக்ஸில் விளையாட ஆசை. அதற்காக 2017இல் அவர் எழுதத் தொடங்கியதே டைரக்ட்3டி 11ஐ வல்கனாக மாற்றும் டிஎக்ஸ்விகே. வால்வ் அவரைப் பணிக்கு எடுத்துக்கொண்டது. வைன், டிஎக்ஸ்விகே, இன்னும் சில துணைக்கருவிகள் எல்லாம் சேர்ந்த புரோட்டான் 2018 ஆகஸ்டில் ஸ்டீமுக்குள்ளேயே வந்தது. தொடக்கத்தில் அதிகாரபூர்வ ஒப்புதல் பெற்றவை 27 விளையாட்டுகள்தாம். மற்றவற்றைப் பயனர்கள் தாமே ஓட்டிப் பார்த்துக் குறிப்பெழுதினர். 'டக்ஸ் (லினக்ஸின் பென்குயின் சின்னம்) இல்லையேல் காசில்லை' என்று லினக்ஸ் பதிப்பை மட்டுமே வாங்கிவந்த கொள்கைவாதிகளுக்கு இது சரணாகதியாகப் பட்டது. அவர்கள் கவலையில் நியாயம் உண்டு. எனினும் அந்த உறுதியால் விளையாடக் கிடைத்தவை சிலவே.

மேசைக்கணினிக்குக் கதை ஏறக்குறைய இத்துடன் முடிந்துவிடும். மடிக்கணினிக்குத் தனித் தலைவலி ஒன்று இருந்தது. என்விடியா 2010இல் ஆப்டிமஸ் நுட்பத்தைக் கொண்டுவந்தது. ஒரே கணினியில் இரு வரைகலைச் சில்லுகள்: அன்றாட வேலைக்கு மின்சாரம் குறைவாகக் குடிக்கும் இன்டெல், விளையாட்டுக்கு என்விடியா. பல மாதிரிகளில் திரை இன்டெலோடுதான் இணைந்திருக்கும்; என்விடியா வரைந்த படத்தை இன்டெலின் நினைவகத்துக்கு நகலெடுத்தால்தான் கண்ணுக்குத் தெரியும். என்விடியாவின் லினக்ஸ் டிரைவருக்கு இது தெரியாது. லினக்ஸ் ஏற்றியவர் காசு கொடுத்து வாங்கிய சில்லு சும்மா கிடந்து பேட்டரியை மட்டும் தின்றது.

2011இல் தன்னார்வலர்கள் எழுதிய பம்பிள்பீ, மறைவாக இரண்டாவது காட்சிச் சேவையகம் ஒன்றை ஓட்டி அதில் வரைந்து படத்தை இன்டெலின் திரைக்கு இழுத்துவந்தது. அதன் நிறுவல் நிரலில், அழிக்க வேண்டிய கோப்புறையின் பாதையில் ஓர் இடைவெளி தவறி விழுந்ததால், இயங்குதளத்தின் பெரும்பகுதி அடங்கிய யுஎஸ்ஆர் கோப்புறை முழுதும் அழிந்துபோன கதை இன்றும் சிரிப்புக்கும் எச்சரிக்கைக்குமாகச் சொல்லப்படுகிறது. 2012 ஜூனில் ஃபின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகத்தில் டோர்வால்ட்ஸ் கேமரா முன் என்விடியாவுக்கு நடுவிரல் காட்டியதை எல்லாரும் அறிவர். அதைத் தூண்டிய கேள்வி ஆப்டிமஸ் மடிக்கணினி பற்றியது என்பதைப் பலர் மறந்துவிட்டனர்.

கோபத்துக்கு அப்பால் சட்டச் சிக்கலும் இருந்தது. சில்லுகள் நினைவகத்தைப் பகிர, கெர்னல் 3.3இல் டிஎம்ஏ-பஃப் என்ற வழி வந்தது. ஜிபிஎல் என்ற திறமூல உரிமம் உள்ள டிரைவர்களுக்கு மட்டுமே அது திறந்திருந்தது. மூடிய டிரைவர் வைத்திருந்த என்விடியா அதைத் தளர்த்தக் கேட்டபோது கெர்னல் நிரலாளர் ஆலன் காக்ஸ் எதிர்த்தார். 2013இல் வந்த 319 வரிசை டிரைவரில் முழு அமர்வையும் என்விடியாவுக்கு மாற்றலாம். அதற்கு ஒருமுறை வெளியேறி உள்நுழைய வேண்டும். பேட்டரியும் சீக்கிரம் தீரும். விளையாட்டை மட்டும் என்விடியாவில் ஓட்டி, மற்றதை இன்டெலில் வைத்துக்கொள்ளும் வசதி 2019 ஆகஸ்டின் 435 வரிசையில்தான் அதிகாரபூர்வமாக வந்தது. புரோட்டான் வந்து ஓராண்டு கழித்துத்தான் ஆப்டிமஸ் மடிக்கணினிக்காரர் அதன் பயனைத் தொல்லையின்றிப் பெற்றார். 2022 மே மாதம் என்விடியா தன் கெர்னல் பகுதிகளைத் திறமூலமாக்கியது.

2022 பிப்ரவரியில் வெளிவந்த ஸ்டீம் டெக், வரைகலையும் உள்ளடங்கிய ஒரே ஏஎம்டி சில்லைக் கொண்டு இரட்டைச் சில்லுச் சிக்கலை அடியோடு தவிர்த்தது. அதற்காகச் செய்த மேம்பாடுகள் மடிக்கணினிக்கும் வந்தன. நிழலாக்க நிரல்களைப் புதிதாகத் தொகுக்கும்போது ஆட்டம் திக்கித் திணறும். அவற்றை முன்கூட்டியே தொகுத்து வைக்கும் ஏற்பாடு பரவலானது. பல நிகழ்வுகளுக்கு ஒருசேரக் காத்திருக்கும் விண்டோஸ் பாணியைக் கெர்னலே புரிந்துகொள்ளும் ஃப்யூடெக்ஸ் அழைப்பு 5.16இல் சேர்ந்தது; 2025 மார்ச்சில் வந்த 6.14இல் என்டிசிங்க் அதை இன்னும் நெருக்கமாக்கியது. ஒருவகையில் ஆள்பவரே துபாஷிக்காகத் தன் மொழியில் சில சொற்களைச் சேர்த்துக்கொண்டார்.

ஏமாற்றுத் தடுப்பு நிரல்கள் மட்டும் இந்த வழிக்கு முழுதாக வரவில்லை. ஈசி ஆன்டி-சீட், பேட்டில்ஐ இரண்டும் 2021 செப்டம்பரில் புரோட்டானுக்கு இடம் தந்தன. ஆனால் இசைவளிக்கும் உரிமை அந்தந்த விளையாட்டு நிறுவனத்திடம் இருந்தது. வேலரன்ட் விளையாட்டின் தடுப்பு நிரலான வான்கார்ட் விண்டோஸ் கெர்னலுக்குள்ளேயே அமர்ந்து காவல் காக்கிறது. லினக்ஸில் கெர்னலை எவரும் தாமே தொகுத்து ஓட்டலாம் என்பதால் அங்கே அப்படிப்பட்ட காவலுக்குப் பொருளில்லை. 2022 முதல் லினக்ஸில் ஓடிய ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ், ஏமாற்றுவோர் அங்கிருந்து வருவதாகச் சொல்லி 2024 அக்டோபர் இறுதியில் கதவடைத்தது. மொழிபெயர்ப்பில் குறை ஏதும் இல்லை. முந்தைய நாள்வரை நன்றாகத்தான் ஓடியது. இத்தகைய விளையாட்டுகளை விடமுடியாதவர்கள் இரண்டாவது எஸ்எஸ்டி ஒன்றில் இன்னும் விண்டோஸை வைத்திருக்கிறார்கள்.