அனுப்புநர் இடத்தில் யார் பெயரையும் எழுதலாம்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

மாசி மாதம் எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அனுப்பியவர் இடத்தில், என்னோடு 11 ஆண்டு ஒரே பள்ளியில் வேலை பார்த்த சாரின் பெயர். ‘மருத்துவமனையில் இருக்கிறேன், பேச முடியாது, போன் செய்ய வேண்டாம். கீழே உள்ள எண்ணுக்கு 18,000 ரூபாய் அனுப்புங்கள்’ என்று இருந்தது. அனுப்பிவிட்டேன். மனசு கேட்காமல் மறுநாள் காலை அவர் வீட்டுக்குப் போன் போட்டேன். எடுத்தது அவரே.

“என்ன சார், உடம்பு எப்படி இருக்கு?”

“எனக்கென்ன சார், இப்பதான் தோட்டத்துக்குத் தண்ணி பாய்ச்சிட்டு வர்றேன்.”

ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ‘அனுப்புநர்’, ‘பெறுநர்’ என்று கடிதம் எழுதக் கற்றுக்கொடுத்தே தலை நரைத்தவன் நான். அந்த ‘அனுப்புநர்’ என்ற இடத்தில்தான் ஏமாந்தேன். வெட்கத்தில் மூன்று நாள் யாரிடமும் சொல்லவில்லை. பிறகுதான் இந்த மின்னஞ்சல் என்பது எப்படி உண்டானது, எப்படி ஓடுகிறது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

1965இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஒரே பெரிய கணினியைப் பலர் பங்கிட்டுப் பயன்படுத்தினார்கள். ஒருவர் இன்னொருவருக்குச் செய்தி எழுதி வைத்துவிட்டுப் போகும் வசதி அதில் இருந்தது. ஆனால் கணினி விட்டுக் கணினி போகாது. அதைச் செய்தவர் ரே டாம்லின்சன். 1971இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பி.பி.என். என்ற நிறுவனத்தில் வேலை பார்த்தவர். பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு கணினிகளுக்கு இடையே, அர்பாநெட் என்ற வலை வழியாக முதல் செய்தியை அனுப்பினார். என்ன அனுப்பினார் என்பது அவருக்கே நினைவில்லை! ஆளின் பெயரையும் கணினியின் பெயரையும் பிரிக்க ஒரு குறி தேவைப்பட்டது. மனிதர் பெயரில் வராத குறியாகப் பார்த்து @ என்பதை எடுத்துக்கொண்டார். நம் நாட்டில் பின்கோடு வந்தது அதற்கு அடுத்த ஆண்டு, 1972 ஆகஸ்ட் 15இல்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். ‘இமெயிலைக் கண்டுபிடித்தவர் ஒரு தமிழர்’ என்று வாட்ஸ்அப்பில் அடிக்கடி வருகிறது. நானும் பெருமையாக நாலு பேருக்கு அனுப்பியவன்தான். சிவா அய்யாதுரை 1978இல், 14 வயதில், நியூஜெர்சியில் ஒரு மருத்துவப் பல்கலைக்கழகத்தின் அலுவலகக் கடிதங்களுக்காக ‘இமெயில்’ என்ற பெயரில் ஒரு நிரல் எழுதினார். 1982இல் அதற்குப் பதிப்புரிமை பெற்றார். அந்த வயதில் அது பெரிய காரியம்தான். ஆனால் அதற்கு ஏழு ஆண்டு முன்பே கணினிக்குக் கணினி கடிதம் போய்க்கொண்டிருந்தது. ஒரு நிரலுக்குப் பதிப்புரிமை வாங்குவதும் அந்த வகைப் பொருளையே கண்டுபிடிப்பதும் வேறு வேறு.

அதே 1978 மே மாதம் இன்னொன்றும் நடந்தது. டெக் என்ற கணினி நிறுவனத்தின் விற்பனையாளர் கேரி துர்க், புதிய கணினியைப் பார்க்க வாருங்கள் என்று சுமார் 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார். பலருக்குக் கோபம். இன்று நம் பெட்டியை அடைக்கும் குப்பை அஞ்சலுக்கெல்லாம் அதுதான் தாத்தா.

இனி என் 18,000 ரூபாய்க்கு வருகிறேன். இன்றும் உலகெங்கும் மின்னஞ்சல் ஓடுவது எஸ்.எம்.டி.பி. என்ற விதிமுறைப்படிதான். ஜான் போஸ்டல் என்பவர் 1982 ஆகஸ்டில் அதை எழுதி வெளியிட்டார். அதற்கு முந்தைய ஆண்டுக் கணக்குப்படி அந்த வலையில் இருந்த கணினிகள் மொத்தம் 213. பெரும்பாலும் பல்கலைக்கழகம், ஆய்வுக்கூடம், ராணுவம். ஒரு தெருக்காரர்கள் மாதிரி ஒருவரை ஒருவர் அறிவார்கள். அங்கே கதவுக்குப் பூட்டு எதற்கு?

நாம் ‘அனுப்பு’ என்று தொட்டதும் கடிதம் முதலில் நம் அஞ்சல் சேவையின் கணினிக்குப் போகிறது. அது @ குறிக்குப் பின்னால் உள்ள பகுதியைப் பார்த்து, அந்தப் பெயருக்கு உரிய அஞ்சல் கணினி எங்கே இருக்கிறது என்று இணையத்தின் முகவரிப் பதிவேட்டில் கேட்கிறது. பின்கோடு பார்த்துப் பையில் போடுவது போல. போய்ச் சேர்ந்ததும் இரண்டு கணினிகளும் பேசிக்கொள்கின்றன. ‘இன்னாரிடமிருந்து’ என்கிறது ஒன்று. ‘சரி’ என்கிறது மற்றது. ‘இன்னாருக்கு’. ‘சரி’. பிறகு கடிதம். அந்த ‘இன்னாரிடமிருந்து’ உண்மையா என்று சோதிக்க 1982 விதியில் ஏற்பாடே இல்லை. இன்லேண்டு லெட்டரின் பின்புறம் நான் கலெக்டர் பெயரை எழுதிப் போட்டாலும் தபால்காரர் கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார் அல்லவா, அப்படித்தான்.

பின்னால் பூட்டுப் போட்டார்கள். எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டி.மார்க் என்று மூன்று சோதனைகள். மொத்தமாக அனுப்புகிறவர்கள் இவற்றை வைத்தே ஆகவேண்டும் என்று கூகுளும் யாஹூவும் கட்டாயமாக்கியது 2024இல்தான். ஆனால் அவை பார்ப்பது, @ குறிக்குப் பின்னால் உள்ள பெயர் மெய்யா என்பதை மட்டுமே. எவனோ ஒருவன் இலவசக் கணக்கு ஒன்று தொடங்கி, பெயர் இடத்தில் எங்கள் சாரின் பெயரைப் போட்டால், மூன்று சோதனையிலும் தேறிவிடுவான். எனக்கு நடந்தது அதுதான். செல்போனில் பெயர் மட்டும் தெரிந்தது. பெயரின் மேல் தொட்டால் முகவரி விரியும் என்பது எனக்கு அப்போது தெரியாது. பிறகு தொட்டுப் பார்த்தேன். சம்பந்தமே இல்லாத எழுத்துகளும் எண்களும்.

சரி, நாங்கள் நண்பர்கள் என்பது அவனுக்கு எப்படித் தெரிந்தது? இதை எழுதக் கை கூசுகிறது. போன வருடம் பழைய ஆசிரியர்கள் சந்திப்புக்கு அழைப்பு அனுப்பியவன் நான். 140 பேர் முகவரியையும் ‘சிசி’யில் போட்டேன். சிசி என்றால் கார்பன் காப்பி. டைப்ரைட்டரில் கறுப்புத் தாள் வைத்து எடுப்போமே, அதே பெயர்தான். ஒவ்வொருவருக்கும் மற்ற 139 பேரின் பெயரும் முகவரியும் போய்விட்டது. அதில் ஒருவருடைய கடவுச்சொல் களவு போனால் போதும், பட்டியல் முழுவதும் திருடன் கையில். ‘பிசிசி’யில் போட்டிருந்தால் ஒருவர் முகவரி இன்னொருவருக்குத் தெரிந்திருக்காது. இப்படித்தான் கசிந்தது என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் அதே வாரத்தில் அந்தப் பட்டியலில் இருந்த இன்னும் இரண்டு பேருக்கும் இதே மாதிரி கடிதம் வந்திருக்கிறது. அவர்கள் என்னைப் போல அவசரப்படவில்லை.

அந்தக் கடிதத்தில் எச்சரிக்கை மணி இருக்கத்தான் செய்தது. ‘போன் செய்ய வேண்டாம்’ என்ற வரி. அதைப் படித்ததும் போன் செய்திருக்க வேண்டும். கடிதத்துக்குப் பதில் எழுதிக் கேட்பதில் பயனில்லை, பதில் அவனுக்கே போகும். ஏற்கெனவே நம்மிடம் உள்ள எண்ணில்தான் கூப்பிட வேண்டும். இப்போது என் கணக்குக்கு இரண்டு படிச் சரிபார்ப்பு போட்டுவிட்டேன். கடவுச்சொல் போனாலும், என் போனுக்கு வரும் எண் இல்லாமல் உள்ளே நுழைவது கடினம். அந்த எண்ணை யார் கேட்டாலும் சொல்லக் கூடாது, வங்கி என்று சொன்னாலும்.

நான்காம் நாள் 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்து புகார் கொடுத்தேன். உடனே கூப்பிட்டிருந்தால், பணம் கைமாறும் முன் அந்தக் கணக்கை முடக்க வழி இருந்திருக்கும் என்றார்கள். வெட்கப்பட்ட மூன்று நாளில் பணம் வேறு கணக்குகளுக்குப் போய்விட்டது. இன்னும் வரவில்லை. 140 பேருக்கும் மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் எழுதினேன், இந்த முறை பிசிசியில்.

எங்கள் சார் மட்டும் பதில் போடவில்லை. நேராகப் போன் செய்து, “இது நீங்க அனுப்பினதுதானா சார்?” என்று கேட்டார்.