அபினிக் குத்தகையும் அப்போயும்

கொடுமையைக் கண்டு அழுவது இயல்பு. சிரிப்பதும் உண்டு, அச்சிரிப்பு அழுகையினும் கூரியது. தொல்காப்பியனார் நகைக்கு வகுத்த நான்கு களன்களுள் எள்ளலும் இளமையும் அடங்கும். இவ்விரண்டையும் ஒரு நூலில் கோத்து, மலேசியத் தமிழர் வாழ்வை நம் கண்முன் நிறுத்திய படம் ‘ஜகாட்’. மலாய் மொழியில் ‘ஜஹாட்’ என்றால் தீயது என்று பொருள். அச்சொல் நம் தோட்டத்து மக்கள் நாவிலே புரண்டு ‘ஜகாட்’ ஆயிற்று. அடங்காப் பிள்ளையை நாம் அழைக்கும் பெயர் அது.

சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய இப்படம் 2015ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 17ஆந் தேதி திரைக்கு வந்தது. மறு ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படம் என்னும் பரிசையும் பெற்றது. கதை 1990களின் தொடக்கத்தில் நிகழ்வது. தோட்டம் கலைந்து, பட்டணத்து ஓரத்தில் ஒதுங்கிய குடும்பம். அதிலே அப்போய் என்றொரு பன்னிரண்டு வயதுச் சிறுவன். குறும்பன், கற்பனை மிக்கவன். பள்ளியிலும் அடி, வீட்டிலும் அடி. படிப்பொன்றே கதி என்று கருதும் தந்தை ஒருபுறம். குண்டர் கும்பலில் திரியும் சிற்றப்பன் ஒருபுறம். போதையில் அழிந்து மீளத் தவிக்கும் மற்றொரு சிற்றப்பன் பிறிதொரு புறம். சிறுவனின் கால்கள் எத்திசை நோக்கித் திரும்புகின்றன என்பதே கதை.

படத்தைக் கண்டு மெச்சியவர் பலர். ஆயினும், “குண்டர்த்தனம் நம் இனத்தின் இரத்தத்தில் ஊறிய நோய்” என்று பெருமூச்செறிவாரும் நம்முள் இலர் அல்லர். இக்கூற்று மெய்தானா? இரத்தத்திலா ஊறியது இந்நோய்? இதற்கு விடை கூறத்தக்க சாட்சி ஒன்றே. அது நாம் வாழும் பேரா நாட்டின் சரித்திரம்.

1840களில் லாருட் பகுதியில் லோங் ஜாபார் என்பார் ஆதரவில் ஈயம் தோண்டும் தொழில் பெருகிற்று. சீனத்திலிருந்து ஆயிரக்கணக்கான கூலிகள் வந்திறங்கினர். அவர்களுக்கு நாடு புதிது, மொழி புதிது; நோயுற்றால் மருந்தில்லை, மாண்டால் எடுத்துப் புதைக்க உறவில்லை. அரசு செய்ய வேண்டிய இக்கடமைகளை இரகசியச் சங்கங்கள் ஏற்றன. கீஹின் என்றொரு சங்கம். ஹைசான் என்றொரு சங்கம். சோறிட்ட கை வாளையும் கொடுத்தது. 1861இல் சுரங்கத்துக்குப் பாயும் நீர்வழி பற்றி எழுந்த பூசல் போராக மூண்டது. பின்னர் 1874 வரையில் விட்டுவிட்டு எரிந்த அத்தீயைத்தான் லாருட் போர்கள் என்கிறோம்.

ஈயம் மட்டுமா செல்வம்? அபினியும் செல்வமே. அக்காலத்து அபினி வாணிபம் நடந்த முறையை அறிதல் வேண்டும். அபினியை வருவித்துச் சண்டுவாகக் காய்ச்சி விற்கும் உரிமையை அரசு ஏலத்தில் விடும். அதிகத் தொகை கேட்டவன் குத்தகைதாரன். அரசுக்குக் கட்டிய தொகைக்கு மேல் வருவதெல்லாம் அவன் இலாபம். ஆதலின் புகைப்பவன் தொகை பெருகப் பெருக அவன் பெட்டி நிறையும். சுரங்க முதலாளிகள் அரிசியோடு அபினியையும் கூலிக்குக் கடனாகக் கொடுத்துச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டனர். பகலெல்லாம் சேற்றில் உழைத்தவன் இரவில் புகையில் மறந்தான். ஆண்டு முடிவில் ஊர் திரும்பக் காசின்றி, மறுபடியும் கடனாளியாய்ச் சுரங்கத்தில் இறங்கினான்.

1874ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 20ஆந் தேதி பங்கோர் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. பிரிட்டிஷார் பேராவினுள் காலெடுத்து வைத்தனர். போரில் வெந்த ஊருக்குத் தைப்பிங், அதாவது பேரமைதி, என்று பெயர் சூட்டினர். ஹைசான் தலைவர் சுங் கெங் குவீயும் கீஹின் தலைவர் சின் ஆ யாமும் கப்பித்தான் பட்டம் பெற்றனர். 1877இல் அமைந்த பேரா ஆட்சி மன்றத்திலும் அமர்ந்தனர். சுங் கெங் குவீ பின்னாளில் வரிக் குத்தகைகளையும் எடுத்து நடத்தினார். நேற்று வாளேந்திய சங்கத் தலைவர். இன்று சட்டமியற்றும் மன்றத்து உறுப்பினர்! எந்தப் படக் கதாசிரியனும் இதனினும் கூரிய எள்ளலைப் புனைய வல்லனோ?

நான் தோட்டத்தில் கணக்கெழுதிப் பிழைப்பவன். வரவைக் கண்டால் அதற்கு எதிரே உள்ள செலவைத் தேடுவது என் தொழிற்பழக்கம். 1898 முதல் 1906 வரையில் நீரிணைக் குடியேற்றங்களின் அரசு வருமானத்தில் ஏறத்தாழப் பாதி அபினியால் வந்தது. சாலையும் பாலமும் மருத்துவமனையும் எழுந்த பணத்தில் அதற்கும் பங்குண்டு. வரவுப் பக்கம் இது. செலவுப் பக்கம் எங்கே? எந்த அரசுக் கணக்கிலும் அது ஏறவில்லை. விலா எலும்பு தெரியும் கூலியின் உடலில் அது எழுதப்பட்டது. அந்த அபினியோ பெரும்பாலும் நம் இந்திய நாட்டில், கங்கைச் சமவெளியில், ஏழை உழவன் பயிரிட்டுக் கல்கத்தாவில் ஏலம் போனது. விளைத்தவனும் ஏழை, புகைத்தவனும் ஏழை, இடையில் நின்றவர் மாத்திரம் செல்வர்!

1909இல் ஷாங்காயில் பல நாட்டாரும் கூடி அபினியின் தீமையை ஆராய்ந்தனர். இங்கே நடந்தது யாது? குத்தகைதாரன் போனான், 1910 முதல் அரசே சண்டுக் கடைக்காரனாயிற்று. புகைக்கும் அபினியை அடியோடு தடுப்பதெனப் பிரிட்டிஷார் முடிவு செய்தது 1943இல். தடை நடைமுறைக்கு வந்தது 1946இல்.

நிற்க. நம்மவர் வரலாறு இதனோடு எங்கே சேர்கிறது? நம் கோலா கங்சாரில்தான். 1877இல் இங்கே நட்ட ஒன்பது ரப்பர்க் கன்றுகள் நாட்டின் தலையெழுத்தை மாற்றின. காடு அழிந்து பால்மரம் எழுந்தது. கங்காணி பின்னே தமிழன் வந்தான். சுரங்கத்துக் கூலிக்கு அபினி. தோட்டத்துக் கூலிக்குக் கள். பல தோட்டங்களில் கள்ளுக்கடை நிர்வாகத்தின் பொறுப்பிலேயே இருந்தது. கொடுத்த கூலியில் ஒரு பகுதி மாலையிலேயே திரும்பி வந்தது! இதனை எதிர்த்துக் கடாரத்துத் தோட்டங்களில் தொண்டர் படையினர் 1947இல் கள்ளுக்கடை மறியல் செய்தனர். நம்மவர் போதைக்கு அடிமையாய்க் கிடந்தனர் என்போர், அதனை எதிர்த்து நின்றவரும் நம்மவரே என்பதை மறத்தலாகாது.

தோட்டம் சிறைதான், ஆயினும் அதிலே லயம் இருந்தது, கோயில் இருந்தது, பள்ளி இருந்தது, தவறு செய்யும் பிள்ளையைக் காதைத் திருகும் பெரியவர் இருந்தனர். தோட்டங்கள் துண்டாடப்பட்டன, பால்மரம் வெட்டிச் செம்பனை நட்டனர், நிலம் வீட்டு மனைகளாயிற்று. வெளியேறியவன் பட்டணத்து ஓரத்தில் புதியவனாய் நின்றான். லாருட்டில் வந்திறங்கிய சீனக் கூலியின் நிலை எதுவோ, அதுவே இவன் நிலை. அன்று அவனுக்குச் சங்கம் கை கொடுத்தது. இன்று இவன் மகனுக்குக் கும்பல் கை கொடுத்தது. கும்பல்களுக்குப் பெயர்கூட நம்முடையதன்று. 04, 08, 36 என்னும் எண்கள் சீனக் கும்பல்களிடமிருந்து வழிவழியாய் வந்தவை. வறுமை ஓர் இனத்தினின்று மற்றோர் இனத்துக்கு விட்டுச் சென்ற சொத்து இது!

2013இல் உள்துறை அமைச்சு 49 கும்பல்களைச் சட்டவிரோதமானவை என அறிவித்தது. உறுப்பினர் ஏறத்தாழ 40,000. அவருள் பத்துக்கு ஏழு பேர் இந்தியர் என்றனர். நாட்டு மக்களுள் நாமோ நூற்றுக்கு ஏழு பேரளவே. இவ்விரு ஏழுகளும் நம் நெஞ்சைச் சுடவேண்டும். அபினியிலிருந்து காய்ச்சப்படுவதே ஹெராயின். முன்னாளில் அரசு அபினியைப் பெட்டி பெட்டியாக விற்றது. 1983 முதல் 15 கிராம் ஹெராயின் வைத்திருந்தவன் கடத்தல்காரனெனக் கருதப்பட்டான். குற்றம் உறுதியானால் தூக்குக் கயிறு கட்டாயமாயிற்று. அக்கட்டாயம் நீங்கியது 2023இல்தான். போதை விற்பவனுக்குப் பரிந்து பேசுகின்றேன் அல்லேன். அவன் நம் பிள்ளைகளுக்கு எமன். ஆனால் சிறையில் அடைபடுவோன் பெரும்பாலும் கடைசிக் கைமாற்றுக்காரனே. முதற் கையோ எக்காலத்தும் மாளிகையில் இருக்கிறது.

இரத்தத்திலா இந்நோய்? இரத்தத்தில் என்றால் லாருட்டின் சங்கத்தாருடைய பேரர்கள் இன்றும் வாளேந்தித் திரிதல் வேண்டும். அவர்களோ வணிகராயினர், மருத்துவராயினர், ஆசிரியராயினர். நிலையான தொழிலும் பள்ளியும் வந்த இடத்தில் சங்கத்தின் பிடி தளர்ந்தது. அவர்க்கு வாய்த்தது நமக்கும் வாய்க்கும். ஆனால் தானே வாராது. நாம் செய்தல் வேண்டும்.

தோழர்களே! திருவிழாவுக்குச் சேர்க்கும் பணத்தில் ஒரு பகுதியைப் படிப்பகத்துக்கு ஒதுக்குவோம். பள்ளியினின்று நின்றுவிட்ட பிள்ளையை ஒரு தொழிலில் சேர்க்க ஊருக்கு நான்கு பேர் முன்வருவோம். ஆசிரியர் பிரம்பை வைத்துவிட்டு அவன் எழுதியதைப் படித்துப் பார்க்கட்டும். தந்தை அவன் பேசுவதைக் கேட்கட்டும். அப்போய் திரையில் செய்யும் குறும்பைக் கண்டு சிரித்தோம். சிரிப்பு அடங்கியபின், நம் வரிசை வீட்டில் அவனைப் போன்றவன் யாவன் என்று தேடுவோமாக. அவனுக்கு ‘ஜகாட்’ என்று பெயரிட நாம் பிந்தலாம்; கை கொடுக்கப் பிந்தலாகாது. நாம் கொடாத கையைக் கொடுக்கக் கும்பல் காத்து நிற்கிறது.