ஆசிரியர் காணாமல் போன மென்பொருள்

2005 வாக்கில் சொந்த இடத்தில் வலைப்பதிவு வைக்க ஆசைப்பட்டவர்கள் பட்ட பாட்டை இன்று சொன்னால் சிரிப்பார்கள். முதலில் ஒரு டொமைன் பெயர் வாங்கணும். ஹோஸ்டிங்கில் கொஞ்சம் இடம் வாடகைக்கு எடுக்கணும். அங்கே ஒரு டேட்டாபேஸ் உருவாக்கி, அதன் பெயர், பயனர் பெயர், கடவுச்சொல், சர்வர் பெயர் என்று நான்கு விவரங்களை ஒரு கோப்பில் எழுதணும். அப்புறம் எஃப்டிபி. திரை இரண்டாகப் பிரிந்து நிற்கும்: இந்தப் பக்கம் நம் கம்ப்யூட்டர், அந்தப் பக்கம் கடல் தாண்டி எங்கேயோ இருக்கிற சர்வர். வேர்ட்பிரஸ் கோப்புகள் ஒவ்வொன்றாக இங்கிருந்து அங்கே போகும். நடுவில் லைன் கட்டானால் எது போச்சு, எது போகலைன்னு உட்கார்ந்து தேட வேண்டியதுதான். இத்தனைக்கும் சேர்த்து வேர்ட்பிரஸ் வைத்த பெயர் ‘புகழ்பெற்ற ஐந்து நிமிட நிறுவல்’.

ஐந்து நிமிடம் என்பது வெறும் பெருமையல்ல. அதற்குமுன் இருந்ததோடு ஒப்பிட்டால் அது உண்மையிலேயே குறைவுதான்.

1999 ஆகஸ்டில் பைரா லேப்ஸ் என்ற சிறிய நிறுவனம் பிளாகரை வெளியிட்டது. தொடக்கத்தில் அது இயங்கிய விதம் வேடிக்கையானது. எழுதுவது அவர்களுடைய தளத்தில். எழுதியதைப் பக்கமாக மாற்றி, எஃப்டிபி வழியாக நம்முடைய சர்வரில் கொண்டுவந்து வைப்பது அவர்கள் வேலை. வீடு நம்முடையது, அடுப்பு அவர்களுடையது. அவர்கள் சர்வர் படுத்தால் அன்றைக்குப் புதிதாக எதுவும் எழுத முடியாது.

அடுப்பையும் சேர்த்து நம் வீட்டுக்கே கொண்டுவந்தது மூவபிள் டைப். சான்ஃபிரான்சிஸ்கோவில் இருந்த பென் டிராட், மீனா டிராட் தம்பதி 2001 அக்டோபரில் அதை வெளியிட்டார்கள். மீனா தன் வலைப்பதிவுக்குப் பொருத்தமான கருவி இல்லையே என்று குறைப்பட்டதில் தொடங்கிய வேலை அது. இருவரின் பிறந்தநாளுக்கும் ஆறு நாள்தான் இடைவெளி. நிறுவனத்தின் பெயரே ‘சிக்ஸ் அபார்ட்’. பெர்ல் மொழியில் எழுதப்பட்ட அந்த மென்பொருள் அழகானது, உறுதியானது. ஆனால் நிறுவுவதற்குள் மூச்சு முட்டிவிடும். சர்வரில் பெர்ல் எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரிய வேண்டும். நிரல்கள் உரிய அடைவில் இருக்க வேண்டும். ஒவ்வொரு நிரலுக்கும் 755 என்ற அனுமதி எண் தர வேண்டும். படிக்க 4, எழுத 2, இயக்க 1; மூன்றும் கூடினால் 7, அது உரிமையாளருக்கு. மற்றவர்களுக்குப் படிக்கவும் இயக்கவும் மட்டும், அதாவது 5. இதில் ஒன்று தவறினாலும் ‘500’ என்ற பிழைச் செய்தி வரும். என்ன தப்புன்னு அது சொல்லாது. வெறுத்துப்போய் எல்லாவற்றுக்கும் 777 கொடுத்து, யார் வேண்டுமானாலும் வந்து எழுதிவிட்டுப் போகும்படி கதவைத் திறந்து வைத்தவர்கள் உண்டு.

அதே 2001இல் பிரான்சின் கோர்சிகாவிலிருந்து மிஷெல் வால்ட்ரிகி என்ற இளைஞர் ‘பி2’ என்ற மென்பொருளை வெளியிட்டார். பிஎச்பி மொழி, மைசீக்வல் டேட்டாபேஸ். இந்த இரண்டும் மலிவான ஹோஸ்டிங்கிலேயே கிடைக்கும். கோப்புகளை ஏற்று, டேட்டாபேஸ் விவரங்களைக் கொடு, நிறுவல் பக்கத்தைத் திற, அவ்வளவுதான். மூவபிள் டைப்பில் ஒரு சின்ன மாற்றம் செய்தாலும் பக்கங்களை மறுபடி கட்ட வேண்டும். பி2வோ வாசகர் கேட்கும் நேரத்தில் பக்கத்தை உருவாக்கித் தந்தது. சர்வருக்குச் சுமை கூடுதல், எழுதுபவருக்கு வேலை குறைவு.

வால்ட்ரிகி செய்த இன்னொரு காரியம் அப்போது பெரிதாகத் தெரியவில்லை. அவர் பி2வை ஜிபிஎல் உரிமத்தில் வெளியிட்டிருந்தார். யாரும் எடுக்கலாம், மாற்றலாம், பகிரலாம்; மாற்றியதைப் பகிர்ந்தால் அதே உரிமையோடு பகிர வேண்டும்.

பிறகு அவர் காணாமல் போனார். 2002 முடிவதற்குள் புதிய பதிப்புகள் நின்றுவிட்டன. அமெரிக்காவின் ஹூஸ்டனில் பி2 பயன்படுத்திக்கொண்டிருந்த மேட் முல்லன்வெக் 2003 ஜனவரி 24 அன்று தன் பதிவில் இந்தச் சிக்கலைப் பற்றி எழுதினார். அப்போது அவருக்கு வயது 19. மென்பொருளை எழுதியவரைக் காணோம், ஆனால் ஜிபிஎல் இருப்பதால் இதே நிரலை எடுத்துத் தொடர முடியும் என்பது அவர் வாதம். இங்கிலாந்திலிருந்து மைக் லிட்டில் என்பவர், உண்மையிலேயே செய்யப்போகிறாய் என்றால் நானும் வருகிறேன் என்று கீழே பதில் எழுதினார். 2003 மே 27 அன்று வேர்ட்பிரஸ் 0.7 வெளியானது. அதன் கோப்புப் பெயர்களில் பி2 என்ற முன்னொட்டு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. காணாமல் போயிருந்த வால்ட்ரிகியும் திரும்பி வந்து, இதுதான் பி2வின் வாரிசு என்று ஒப்புக்கொண்டார்.

உரிமத்தின் மதிப்பு ஊருக்கே புரிந்தது 2004 மே மாதத்தில். மூவபிள் டைப் 3.0 வந்தபோது, இலவசப் பதிப்பில் ஒரு எழுத்தாளர், மூன்று வலைப்பதிவுகள் மட்டும்தான் என்று நிபந்தனை வந்தது. டிராட் தம்பதி செய்தது தவறென்று சொல்ல முடியாது. உழைத்தவர்கள் காசு கேட்டார்கள். ஆனால் பலர் கொதித்தார்கள். மார்க் பில்கிரிம் தன் தளங்களுக்கு 535 டாலர் ஆகும் என்று கணக்குப் போட்டார். அந்தத் தொகையை வேர்ட்பிரஸ் குழுவுக்கு நன்கொடையாகக் கொடுத்துவிட்டு அங்கே மாறிப்போனார். அவருக்குப் பிரச்சினை காசு இல்லை. இதுவரை கிடைத்தது ‘இலவசம்’ மட்டும்தான், ‘சுதந்திரம்’ இல்லை என்பது. அதே மாதம் வேர்ட்பிரஸ் 1.2 வந்தது. சிக்ஸ் அபார்ட் 2007இல்தான் திறமூலப் பதிப்பை வெளியிட்டது. அதற்குள் கூட்டம் போய்விட்டிருந்தது.

தமிழில் எழுதியவர்களுக்கு இந்தச் சுதந்திரத்தோடு ஒரு தனித் தலைவலியும் சேர்ந்து வந்தது. மைசீக்வல் சுவீடனில் பிறந்தது. அப்போது அதன் இயல்பான எழுத்துமுறை லத்தீனாகவும், வரிசைப்படுத்தும் முறை சுவீடிஷாகவும் இருந்தன. நாம் அம்மா என்று எழுதிச் சேமித்தால், தமிழ் என்ற ஒன்று இருப்பதே தெரியாத டேட்டாபேஸ் அதை லத்தீன் எழுத்துகளென்று நினைத்து உள்ளே வைக்கும். கேட்கும்போது அதே பைட்டுகளைத் திருப்பிக் கொடுக்கும். பிரவுசர் அதைச் சரியாகத் தமிழில் காட்டிவிடும். இரண்டு தப்பும் ஒன்றையொன்று ஈடுகட்டியதால் பல காலம் யாருக்கும் தெரியாது.

ஹோஸ்டிங் மாற்றும்போது விஷயம் வெளியே வரும். அல்லது 2007இல் வேர்ட்பிரஸ் 2.2 எழுத்துமுறையை அமைப்புக் கோப்பிலேயே குறிக்கச் சொன்னபோது வந்தது. ஒவ்வொரு தமிழ்க் குறியும் யூடிஎஃப்-8இல் மூன்று பைட். அவை லத்தீனாக விரியும்போது தலையில் கோடு போட்ட ‘ஏ’, வட்டத்துக்குள் ‘ஆர்’, கூடவே இன்னொரு கிறுக்கல் என்று பக்கம் முழுக்க வரும். வர்த்தக முத்திரைக் குறி மழை! என் பழைய பதிவுகளை இப்படிப் பார்த்த ராத்திரி இன்னும் நினைவிருக்கிறது. பத்தியை முதலில் வெறும் பைட்டுகளாக மாற்றி, பிறகு யூடிஎஃப்-8 ஆக்கினால் தமிழ் திரும்பிவிடும் என்று கண்டுபிடிப்பதற்குள் விடிந்துவிட்டது.

முகவரியிலும் இதே கதைதான். வேர்ட்பிரஸ் பதிவின் முகவரிப் பெயருக்கு 200 இடம் ஒதுக்கியிருந்தது. ஒரு தமிழ்க் குறி அங்கே ஒன்பது இடம் பிடிக்கும். ‘வணக்கம்’ என்றாலே 63 காலி. இருபத்திரண்டு குறிகளுக்கு மேல் தலைப்பு நீண்டால் முகவரி பாதியில் அறுந்துவிடும்.

இவ்வளவும் தாண்டி சொந்த வீடு கட்டியவர்கள்தான் உஷாரானவர்கள் என்று அன்று நினைத்தோம். பிளாக்ஸ்பாட்டில் எழுதியவர்களைப் பார்த்து, “நாளைக்கு கூகுள் மூடிட்டா என்ன பண்ணுவீங்க?” என்று கேட்டிருக்கிறோம். இன்று பழைய சுட்டிகளைத் தட்டிப் பாருங்கள். கைவிடப்பட்ட பிளாக்ஸ்பாட் பதிவுகள் பல அப்படியே இருக்கின்றன. சொந்தப் பெயரில், சொந்த ஹோஸ்டிங்கில் இருந்தவைதான் போய்விட்டன. ஒரு வருட வாடகை கட்டவில்லை, அவ்வளவுதான். சிலர் எழுதுவதை நிறுத்திக்கொண்டார்கள். சிலர் இறந்துபோனார்கள், கடவுச்சொல் அவர்களோடு போனது. அந்தப் பெயர்களில் இன்று சூதாட்ட விளம்பரம் ஓடுகிறது.

வால்ட்ரிகி காணாமல் போனபோது அவருடைய மென்பொருள் பிழைத்தது. வேறொருவர் எடுத்து நடத்தலாம் என்று அவர் முன்கூட்டியே எழுதி வைத்திருந்தார், அதன் பிரதியும் பலர் கையில் இருந்தது. அந்த மென்பொருளை நிறுவிய நாம் நம் எழுத்துக்கு இந்த இரண்டையும் செய்யவில்லை. எழுத்துக்கும் அப்படிப்பட்ட உரிமம் இல்லாமல் இல்லை. 2002 டிசம்பரிலேயே கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் வெளியாகிவிட்டன. வேர்ட்பிரஸ்ஸில் எல்லாப் பதிவுகளையும் ஒரே கோப்பாக இறக்கிக்கொள்ளும் வசதியும் உண்டு. இரண்டு வேலையும் சேர்ந்தாலும் ஐந்து நிமிடம்தான் ஆகும்.