அங்கிக்குள் இருந்த இரண்டு பிள்ளைகள்

டிசம்பர் பிறந்தால் ஏதாவது ஓர் ஆங்கில செனலில் ஸ்க்ரூஜ் கிழவர் வந்து நிற்பார். சார்ள்ஸ் டிக்கன்ஸ் எழுதிய ‘எ கிறிஸ்மஸ் கரோல்’ என்ற சிறிய நாவலின் ஆள். கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். லண்டனில் ஒரு பெரும் கஞ்சன். நத்தாருக்கு முதல் நாள் இரவு, ஏழு வருடங்களுக்கு முன் செத்துப்போன வியாபாரப் பங்காளி மார்லி ஆவியாக வந்து எச்சரித்துவிட்டுப் போகிறார். பிறகு இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம் என்று மூன்று ஆவிகள். விடியும்போது மனிதன் மாறிவிடுகிறான்.

கலாசாலையில் படித்த காலத்திலிருந்தே நாங்கள் சிலர் இந்தக் கதையின் படங்களைத் தேடித் தேடிப் பார்த்து வருகிறோம். எது சிறந்தது என்ற சண்டை ஒவ்வொரு வருடமும் நடக்கும். நடிப்பு, இசை, பேய் எவ்வளவு பயமுறுத்துகிறது என்பதையெல்லாம் வைத்து வாதாடி முடிவு வராமல், கடைசியில் ஓர் அளவுகோலைப் பிடித்துக்கொண்டோம். படத்தில் அந்த இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்களா?

எந்தப் பிள்ளைகள் என்றால், மூன்றாம் அத்தியாயத்தின் முடிவில் வருபவர்கள். நிகழ்கால ஆவி நள்ளிரவில் மறையப்போகும் நேரம். அதன் அங்கிக்குக் கீழே ஏதோ அசைவதை ஸ்க்ரூஜ் காண்கிறார். விலக்கிப் பார்த்தால் எலும்பும் தோலுமாக ஓர் ஆண் பிள்ளை, ஒரு பெண் பிள்ளை. அவன் பெயர் அறியாமை, அவள் பெயர் இல்லாமை. இருவரைக் குறித்தும் அஞ்சு, ஆனால் பையனைக் குறித்து இன்னும் அதிகமாக அஞ்சு என்கிறது ஆவி. இவர்களுக்குப் புகலிடம் இல்லையா என்று ஸ்க்ரூஜ் பதறும்போது, கதையின் தொடக்கத்தில் ஏழைகளுக்கு நிதி கேட்டு வந்தவர்களிடம் அவர் சொன்ன அதே பதிலை ஆவி திருப்பிக் கொடுக்கிறது: சிறைச்சாலைகள் இல்லையா, ஏழைகள் வேலைவிடுதிகள் இல்லையா?

வறுமையை விட அறியாமையை ஏன் பெரிய ஆபத்தாக எழுதினார்? அதற்கு 1843ஆம் ஆண்டைப் பார்க்க வேண்டும். 1834இன் வறியோர் சட்டத்தின்படி, உதவி வேண்டுபவர்கள் வேலைவிடுதிக்குள் போக வேண்டும். உள்ளே கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம், பிள்ளைகள் இன்னொரு பக்கம். நாட்டில் கட்டாயக் கல்வி கிடையாது, அது 1880இல்தான் வந்தது. 1843இன் முற்பகுதியில், தொழிற்சாலைகளிலும் பட்டறைகளிலும் சிறுவர்கள் வேலை செய்யும் நிலை பற்றிய அரச ஆணைக்குழுவின் அறிக்கையை டிக்கன்ஸ் படித்தார். அவருக்கு அது அந்நியமான செய்தி அல்ல. தந்தை கடனுக்காக மார்ஷல்சீ சிறையில் கிடந்தபோது, பன்னிரண்டு வயதில் சப்பாத்து மை தயாரிக்கும் இடத்தில் போத்தல்களுக்கு லேபல் ஒட்டியவர் அவர்.

அறிக்கையைப் படித்த சூட்டில் ஒரு துண்டுப்பிரசுரம் எழுதத்தான் முதலில் நினைத்தார். பிறகு கைவிட்டார். செப்டெம்பரில் லண்டன் சஃப்ரன் ஹில்லில் இருந்த ஃபீல்ட் லேன் பாடசாலைக்குப் போனார். கந்தல் பாடசாலைகள் என்று அழைக்கப்பட்ட இலவசப் பாடசாலைகளில் ஒன்று அது. வேறு எந்தப் பாடசாலையும் சேர்த்துக்கொள்ளாத தெருப் பிள்ளைகள் அங்கே இருந்தார்கள். ஒக்டோபர் 5ஆம் திகதி மான்செஸ்டரில் தொழிலாளர் கல்வி பற்றி மேடையில் பேசினார். அதன் பின் ஆறு வாரங்களில் கதை முடிந்தது. டிசம்பர் 19 வெளியான 6000 பிரதிகளும் நத்தாருக்குள் விற்றுத் தீர்ந்தன.

அதாவது, இந்தக் கதை ஒரு வகுப்பறையைப் பார்த்துவிட்டு வந்த மனிதன் எழுதியது. ஆசிரியர்களான எங்களுக்கு அந்தப் பையன் முக்கியமாகத் தெரிவதில் ஆச்சரியம் இல்லை.

(இடையில் ஒன்று. புத்தகத்தின் விலை 5 ஷிலிங். கதையில் ஸ்க்ரூஜின் எழுதுவினைஞர் பொப் கிரட்சிட்டின் வாரச் சம்பளம் 15 ஷிலிங். தன்னைப் பற்றிய கதையை வாங்க அவர் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கொடுக்க வேண்டியிருந்திருக்கும்! பத்து வருடம் கழித்து பேர்மிங்ஹாமில் டிக்கன்ஸ் இதை மேடையில் வாசித்தபோது, ஒரு நாளைத் தொழிலாளர்களுக்கென்றே குறைந்த கட்டணத்தில் ஒதுக்கினார்.)

இனிப் படங்கள். இன்று எஞ்சியிருப்பவற்றில் மிகப் பழையது 1901இல் வால்டர் பூத் இயக்கிய பிரித்தானிய மௌனப் படம். மூன்றரை நிமிடம் அளவில்தான் மிச்சம். ஒரு பிம்பத்தின் மேல் இன்னொன்றைப் பதிக்கும் தந்திரத்தில் கறுப்புத் திரைச்சீலையில் ஸ்க்ரூஜின் இளமை தெரிகிறது. அவ்வளவு சிறிய படத்தில் பிள்ளைகளைத் தேடுவது நியாயமில்லை.

1938இல் எம்.ஜி.எம். எடுத்த படத்தில் தேடலாம். கிடைக்கமாட்டார்கள். றெஜினோல்ட் ஓவன் ஸ்க்ரூஜ். வானொலியில் வருடா வருடம் அந்தப் பாத்திரத்தை ஏற்ற லயனல் பெரிமோர்தான் நடிக்க இருந்தவர், உடல்நிலை இடம்தரவில்லை. குடும்பத்தோடு சிரித்துப் பார்க்கும் படம், 69 நிமிடம். பிள்ளைகளை எடுத்துவிட்டு, நாவலில் இல்லாத ஒன்றைச் சேர்த்தார்கள். பனிக்கட்டி உருண்டை தவறுதலாக முதலாளி மேல் பட்டதற்காக பொப் வேலையிலிருந்து நீக்கப்படுகிறார். டிக்கன்ஸின் ஸ்க்ரூஜ் யாரையும் நீக்குவதில்லை. சட்டப்படி சம்பளம் கொடுக்கிறார், வரி கட்டுகிறார், அதோடு தன் கடமை முடிந்தது என்கிறார். பயங்கரமே அதில்தான் இருக்கிறது. படமோ அதைக் கோபக்கார முதலாளி ஒருவரின் குணக்கேடாகச் சுருக்கிவிட்டது.

1951இல் பிரையன் டெஸ்மண்ட் ஹேர்ஸ்ட் இயக்கி, அலஸ்டெயர் சிம் நடித்த படம்தான் எங்களில் பெரும்பாலோரின் தெரிவு. யுத்தம் முடிந்து ஆறு வருடம் ஆகியும் பிரித்தானியாவில் உணவுப் பங்கீடு நீங்கவில்லை. அந்த இருள் படம் முழுக்க இருக்கிறது. பிள்ளைகளும் இருக்கிறார்கள். ஆனால் இதன் பலம், ஸ்க்ரூஜ் எப்படி ஸ்க்ரூஜ் ஆனார் என்பதைப் படிப்படியாகக் காட்டுவது. நாவலில் தங்கை ஃபான் இறந்தது ஒரு வரியில் போய்விடும். இங்கே அவள் அக்கா. மகன் பிரெட்டைப் பெற்றெடுத்து இறக்கிறாள். ஸ்க்ரூஜைப் பெற்றபோதுதான் அவருடைய தாயும் இறந்தார், தந்தை அதற்காக அவரை வெறுத்தார் என்றும் படம் சேர்க்கிறது. தங்கையை அக்காவாக்கியது இதற்காகத்தான். தங்கை என்றால் கணக்கு இடிக்கும் அல்லவா? தந்தை தனக்குச் செய்ததை மருமகனுக்குத் தான் செய்கிறார் என்பது அந்த மனிதருக்குப் புரியவே இல்லை.

பிறகு நல்ல முதலாளி ஃபெசிவிக்கை விட்டு விலகுவது, மார்லியோடு கூட்டுச் சேர்வது, மார்லி மரணப்படுக்கையில் கிடக்கும்போது கந்தோர் மூடும் நேரம் வரட்டும் என்று கணக்கு எழுதிக்கொண்டிருப்பது. அரக்கன் ஒருவன் உருவாவது ஒரே நாளில் அல்ல. கடைசியில் சிரிப்பை அடக்கமுடியாமல் அவர் குதிக்க, வேலைக்காரி டில்பர் அம்மா பைத்தியம் பிடித்துவிட்டது என்று அலறிக்கொண்டு ஓடுகிறார். அவருடைய வாரக் கூலி 2 ஷிலிங்கிலிருந்து 10 ஷிலிங் ஆகிறது. திருந்திய மனம் கூலிப் புத்தகத்திலும் பதிவாவது எங்களுக்குப் பிடித்த இடம்.

1984இல் ஜோர்ஜ் சி. ஸ்கொட் நடித்த தொலைக்காட்சிப் படத்தையும் தள்ளமுடியாது. ஷ்ரூஸ்பரி நகரில் எடுத்தார்கள். படத்துக்காக ஸ்க்ரூஜ் பெயர் பொறித்த கல்லறைக்கல் அங்குள்ள சென்ட் சாட் தேவாலய முற்றத்திலேயே நின்று, சுற்றுலாப் பயணிகளின் இடமாகி, 2024இல் யாரோ உடைத்துப் போட்டார்கள். இதில் பிள்ளைகள் வருகிறார்கள். நாவலில் இல்லாத இன்னொரு காட்சியும் உண்டு. பாலத்தடியில் வீடற்ற ஒரு குடும்பம். வேலைவிடுதிக்குப் போனால் பிரித்துவிடுவார்கள் என்று அஞ்சும் தந்தை. அந்த இடங்களை நீ போய்ப் பார்த்திருக்கிறாயா என்ற பொருளில் ஆவி ஸ்க்ரூஜிடம் கேட்கிறது. 1834 சட்டத்தை இவ்வளவு சுருக்கமாக எந்தப் பாடப்புத்தகமும் எங்களுக்கு விளக்கியதில்லை.

1992இன் மப்பெட் பொம்மைப் படத்துக்கு எங்களுக்குள் இரண்டு கட்சி. மைக்கல் கெய்ன் சுற்றி நிற்பவை பொம்மைகள் என்பதை ஒரு கணமும் காட்டிக்கொள்ளாமல் நடிக்கிறார். டிக்கன்ஸின் வர்ணனை வேறு படங்களில் இல்லாத அளவு இதில் ஒலிக்கிறது. சிறுவர்களுக்கு இதைவிட நல்ல வாசல் இல்லை. ஆனால் சிறைச்சாலைக் கேள்வி தொடக்கத்தில் இருக்கிறது, அதற்கு விடையான பிள்ளைகள் இல்லை. 2009இல் ரொபர்ட் செமெக்கிஸ் ஜிம் கெரியை வைத்து எடுத்த கணினிப் படத்தில் அதற்கு நேர்மாறு. அங்கே இருவரும் கண்முன்னே வளர்ந்து சீரழிந்த பெரியவர்களாகிறார்கள். சின்னப் பிள்ளைகள் இரவில் தூங்கமாட்டார்கள், சொல்லிவிட்டோம்.

வகுப்புக்கு நாங்கள் சிபாரிசு செய்வது 1971இல் ரிச்சர்ட் வில்லியம்ஸ் உருவாக்கிய கார்ட்டூன். குறும்பட அனிமேஷனுக்கான ஒஸ்கார் பெற்றது. ஸ்க்ரூஜுக்கு அதே அலஸ்டெயர் சிம்மின் குரல், மார்லிக்கு 1951 படத்தில் நடித்த அதே மைக்கல் ஹோர்டன். பழைய செதுக்கோவியங்களைப் போன்ற படங்கள். மற்றவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் சுரங்கத் தொழிலாளர், வெளிச்சவீட்டுக் காவலர், கடலோடிகள்கூட இதில் வருகிறார்கள். அங்கிக்குள் பிள்ளைகளும் இருக்கிறார்கள். படம் 25 நிமிடம், எங்கள் பாடவேளை 40 நிமிடம். மிச்சம் 15 நிமிடத்தில் பிள்ளைகள் கேட்கட்டும், இரண்டு பேரில் பையனுக்குத்தான் ஏன் கூடப் பயப்படச் சொன்னார் என்று.