ஊர்ப் பள்ளியும் நம் உரிமையும்

நம் கல்விச் சங்கம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், பள்ளி நம் தெருவிற்கு வந்த வழியைத் திரும்பிப் பார்ப்பது நம் கடனாகும். பள்ளிகளை ஊராரிடம் ஒப்படைத்தால் அவை சீர்படும் என்றும், பெற்றோர் தாம் விரும்பும் பள்ளியைத் தேர்ந்துகொண்டால் தரம் உயரும் என்றும் அறிஞர் சிலர் கூறுகின்றனர். இவ்விரண்டையும் நாம் முன்பே கண்டிருக்கிறோம்.

செங்கற்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் பறையர் நிலை குறித்து அறிக்கை அளித்தார். 1893இல் சென்னை அரசு, சேரிகளில் பள்ளி அமைக்கவும், அதற்குப் புறம்போக்கு நிலம் ஒதுக்கவும், நம்மவர் ஆசிரியப் பயிற்சி பெற உதவித்தொகை வழங்கவும் ஆணையிட்டது. பின்னர் வந்த 1920ஆம் ஆண்டுத் தொடக்கக் கல்விச் சட்டம், கல்வி வரி விதிக்கும் அதிகாரத்தை உள்ளூர் மன்றங்களுக்கு அளித்தது. பள்ளி ஊரார் கைக்கு வந்தது. ஆயின் ஊர் என்னும் சொல்லில் சேரி அடங்கவில்லை. அக்கிரகாரத்திலும் கோயிலருகிலும் நடந்த பள்ளிகளுள் நம் பிள்ளைகள் நுழைய இயலவில்லை. நுழைந்த இடங்களில், பிறர் தம் பிள்ளைகளை விலக்கிக்கொண்டனர். அவர்களுக்கு இருந்த தேர்வுரிமை அதுவே! ஆகவேதான் தொழிலாளர் துறை நமக்கெனத் தனிப்பள்ளிகளை நடத்த வேண்டியதாயிற்று.

கடல் கடந்த நாட்டிலும் கதை இதுவே. கறுப்பினப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ள மனமின்றி, அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்துப் பிரின்ஸ் எட்வர்டு வட்டாரம் 1959இல் தன் பொதுப் பள்ளிகளையே மூடிவிட்டது. வெள்ளையர் பிள்ளைகள் தனியார் பள்ளிக்குச் சென்றனர். 1964 வரை பொதுப் பள்ளிகள் திறக்கப்படவில்லை.

நம் மாவட்டத்திற்கு வருவோம். கல்வராயன் மலை 1976 வரை ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்தது. அங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினர்க்கு அரசின் உண்டு உறைவிடப் பள்ளியே கல்வியின் வாயிலாயிற்று. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் தனியார் பள்ளியின் நுழைவு வகுப்பில் 25 விழுக்காட்டு இடங்களை நலிந்தோர்க்கு ஒதுக்குகிறது. நன்றே. ஆனால் தனியார் பள்ளியே இல்லாத மலைச் சிற்றூரில் எதனைத் தேர்வது? அருகில் உள்ள அரசுப் பள்ளி சிறந்திருப்பதே அங்கு உண்மையான தேர்வு.

ஊராட்சி ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் 1981இல் அரசு ஊழியராயினர். உள்ளூர்ப் பெரியவர்களின் விருப்பு வெறுப்பினின்றும் நம்மவர் பலர் அன்று விடுபட்டனர். எனினும் அதிகாரப் பரவலை யாம் வெறுக்கவில்லை. அதில் நமக்குப் பங்கு வேண்டும் என்கிறோம். கல்வி உரிமைச் சட்டம் அப்பங்கினை எழுதி வைத்துள்ளது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூவர் பெற்றோர். குழுவில் பாதிப்பேர் பெண்கள். நலிந்த பிரிவினர்க்கு அவர்தம் விகிதப்படி இடம்.

எம் பள்ளிக் குழுவில், கரும்பு வெட்டும் தாயொருவர் பல கூட்டங்களில் வாய் திறவாது கையெழுத்திட்டுச் சென்றார். ஒருநாள், பெண் பிள்ளைகளின் கழிவறைக்கு நீர் வரவில்லை, அதை எழுதினால்தான் கையெழுத்திடுவேன் என்றார். யாம் எழுதத் தவறியது அது. நாணினோம், எழுதினோம். அவ்வாரமே குழாய் செப்பனிடப்பட்டது.

பெற்றோரே, அந்நாற்காலி நம்முடையது. அதனைக் காலியாக விட்டால், ஊர் மீண்டும் நம்மை நீக்கியே எண்ணப்படும். கூட்டத்திற்குச் செல்வோம், படித்துப் பார்த்துக் கையெழுத்திடுவோம்.