புகையும் பதமும்: நோர்வூட் லயங்களின் அடுப்படி வரலாறு

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பொருநராற்றுப்படை, கரிகாற் சோழனின் விருந்தில் இறைச்சி இருவகையாக அளிக்கப்பட்டதைக் கூறும். ஒன்று வேகவைத்தது; மற்றது கம்பியிற் கோத்துச் சுட்டது. இவ்விரண்டிற்கும் அப்பால் மூன்றாவது முறையொன்று உண்டு. அது புகையிடுதல். மலையகத்தின் நோர்வூட் போன்ற தோட்டப் பகுதிகளின் வாழ்வில் அம்முறை பெற்ற இடம் ஆராயத்தக்கது.

புகை இறைச்சியைக் கெடாது காக்கும். மென்மையாக்குவது புகையன்று, நீண்ட நேரச் சூடே. பன்றியின் விலாவெலும்பைச் சூழ்ந்த தசையில் கொலாஜன் என்னும் புரதம் மிகுதி. ஏறத்தாழ 70 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டில், ஈரம் வற்றாது, பல மணி நேரம் இருந்தாலன்றி அது இளகாது. அமெரிக்கத் தென்மாநிலங்களில் விலாவெலும்பை 110 பாகை அளவான புகையில் ஐந்தாறு மணி நேரம் வைப்பது இதனாலேயே. அக்கலையை வளர்த்தவர்களுள் அடிமைப்பட்டிருந்த ஆபிரிக்க மக்கள் முதன்மையானவர்கள் என்பது கருதத்தக்கது.

இலங்கையில் 1867ஆம் ஆண்டு ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். கோப்பி நோயால் அழிந்தபின் டிக்கோயா, மஸ்கெலியாப் பகுதிகளைத் தேயிலை நிறைத்தது. 1884இல் புகையிரதம் ஹற்றனை அடைந்தது. தமிழகத்தின் வறண்ட மாவட்டங்களிலிருந்து வந்த மக்கள் உப்புக்கண்டம் போடும் வழக்கத்தை அறிந்தவர்கள். ஆயின் அவ்வழக்கம் வெயிலை நம்பியது. தென்மேற்குப் பருவமழை வாரக்கணக்கில் நின்று பெய்யும் நோர்வூட்டிலே வெயிலுக்கு மாற்று அடுப்பே. பன்றியிறைச்சியை எல்லாக் குடும்பத்தாரும் உண்பதில்லை. உண்போர் அதனை உப்பும் மஞ்சளும் தடவி அடுப்பிற்கு மேலே தொங்கவிடுவர். கவ்வாத்து மிலாறு எரியும் புகை அதனை உலர்த்தும்.

இங்கே தேயிலைத் தொழிற்சாலையின் விதியொன்று நினைவுகூரற்பாலது. கொழுந்தை உலர்த்தும்போது சூடு விரைந்து ஏறினால் மேற்புறம் இறுகி, ஈரம் உள்ளே சிறைப்படும். அத்தேயிலை நாளடைவில் கெடும். இறைச்சிக்கும் அதுவே விதி. தீ தணிந்து, புகை மெல்லப் படரல் வேண்டும். அவ்வாறு உலர்ந்த விலாவெலும்பும் கடினமானதே. அதனை ஊறவைத்து, உப்பு நீக்கி, மூடிய சட்டியிற் சிறுதீயில் வேகவைத்த பின்னரே பதம் கூடும். எலும்பின் நுனியிலிருந்து தசை சற்றே பின்வாங்குவதும், இழுத்தவிடத்து எளிதிற் பிரிவதும் பதத்தின் அடையாளங்கள். தானே உதிருமாயின் பதம் தப்பியது என்க.

ஆகவே மென்மைக்கு விலை நேரம். வைகறையிற் பெரட்டுக்குச் சென்று, மாலையிற் கொழுந்து நிறுத்துத் திரும்பும் பெண்ணிடம் இல்லாதிருந்ததும் அதுவே. எனவே வார நாட்களிற் புகை தன் வேலையைச் செய்தது. ஓய்வு நாளிலே சட்டி ஏறியது. இறைச்சியைக் காத்த அதே புகை, பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில், போக்கிடமின்றி அவள் கண்ணையும் நெஞ்சையும் வருத்தியது. லயத்தின் கரிபடிந்த கூரை இவ்விரண்டிற்கும் சான்று.

தோட்டத்துக் கணக்கேடுகள் அவள் பறித்த கொழுந்தை இறாத்தல் இறாத்தலாகப் பதிந்தன. அடுப்படியில் அவள் செலவிட்ட நேரத்திற்கு அவற்றில் நிரல் ஒன்று இருக்கவில்லை. மலையக வரலாற்றை எழுதுவோர் அந்நிரலையும் சேர்த்தல் கடனாகும்.