46 நாட்கள்

திண்டுக்கல்லில் கடல் கிடையாது. மலைக்கோட்டை மேலே ஏறி நின்றால் ஒரு பக்கம் சிறுமலை, தூரத்தில் கொடைக்கானல் மலை, நடுவே வறண்ட சமவெளி. குடிதண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நின்று வளர்ந்தவனுக்கு, தண்ணீர் வந்து ஓர் ஊரையே கொண்டுபோகும் என்பது வெறும் கதையாகத்தான் இருந்தது.

முதன்முதலில் தனுஷ்கோடி போனபோது வேன் டிரைவர், "பேய் ஊரு சார், புயல்ல மொத்தமா அழிஞ்சு போச்சு" என்றார். இடிந்த தேவாலயச் சுவர் முன்னால் நின்று எல்லோரையும் போல நானும் செல்ஃபி எடுத்துக்கொண்டேன். பக்கத்தில் ஓர் அம்மா சங்கும் பாசிமாலையும் விற்றுக்கொண்டிருந்தார். "உங்களுக்கு எந்த ஊரும்மா?" என்று கேட்டேன். "இதே ஊருதான் தம்பி" என்றார். அந்த பதில் ரொம்ப நாள் உறுத்தியது. ஊரே இல்லாத ஊரில் இவர் எப்படி இருக்கிறார்?

1964 டிசம்பர் 22 நள்ளிரவில் புயல் அடித்தது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பாசஞ்சர் ரயில் நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகளோடு கடலுக்குள் போனது. ரயில் நிலையம், தபால் நிலையம், வீடுகள் எல்லாம் போயின. பாம்பன் பாலமும் உடைந்தது. இதுவரை எல்லோருக்கும் தெரிந்த கதை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என்னை யோசிக்க வைத்தது. பாலத்தைச் சரிசெய்யும் வேலை 32 வயது பொறியாளர் ஒருவரிடம் வந்தது. அவர் பெயர் இ. ஸ்ரீதரன். 46 நாட்களில் பாலம் தயார். ராமேஸ்வரத்துக்கு மறுபடி ரயில் ஓடியது. தனுஷ்கோடிக்குப் போன தண்டவாளத்தை மட்டும் யாரும் திரும்பப் போடவில்லை. மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்துவிட்டது. 1914 முதல் தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குப் போய்க்கொண்டிருந்த கப்பல், அதன் பிறகு ராமேஸ்வரத்திலிருந்தே கிளம்பியது. ரயிலையும் கப்பலையும் நம்பி வளர்ந்த ஊருக்கு வேலை இல்லாமல் போனது. எங்கள் மென்பொருள் பாஷையில் சொன்னால், சர்வர் டவுன் ஆனது ஒரு ராத்திரி. சர்வீஸை மூடியது நிதானமாக எடுத்த முடிவு.

உலகம் முழுக்க இப்படித்தான் போல. இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் வாரம் பெர்சி என்று கைவிடப்பட்ட இடைக்காலக் கிராமம் ஒன்று உண்டு. பிளேக்கில் அழிந்திருக்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும். 1950 முதல் 40 வருடம் அங்கே தோண்டினார்கள். கிராமம் பிளேக்கைத் தாண்டிப் பிழைத்திருந்தது. 1500 வாக்கில் ஆட்டு மேய்ச்சலுக்காகக் கடைசிக் குடும்பங்களை வெளியேற்றியதில்தான் அது காலியானது.

அதே நாட்டின் டன்விச் துறைமுகம் இதற்கு நேர் எதிர். 1286-இல் தொடங்கிய பெரும்புயல்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கடல் அதைத் தின்றது. ஆனால் 1832 வரைக்கும் அந்த ஊர் நாடாளுமன்றத்துக்கு இரண்டு உறுப்பினர்களை அனுப்பிக்கொண்டிருந்தது! பெரும்பகுதி கடலுக்குள் போன ஊர், காகிதத்தில் உயிரோடு இருந்தது. தனுஷ்கோடியிலோ மீனவக் குடும்பங்கள் திரும்பி வந்து குடிசை போட்டார்கள். கடலுக்குப் பக்கத்திலேயே மணலைத் தோண்டி நல்ல தண்ணீர் எடுத்தார்கள். பல பத்தாண்டுகளுக்கு மின்கம்பியும் கிடையாது, சாலையும் கிடையாது. உயிரோடு இருந்த ஊர், காகிதத்தில் செத்துப்போயிருந்தது. அரிச்சல்முனை வரைக்கும் நல்ல சாலை வந்தது 2017-இல்தான். அதுவும் பெரும்பாலும் நம்மைப் போல வேடிக்கை பார்க்க வருகிறவர்களுக்காக.

கடலே இல்லாத என் ஊருக்கு இதில் என்ன சம்பந்தம்? புயலுக்கு இரண்டு மாதம் முன்பு, 1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. இலங்கையிலிருந்த 5,25,000 மலையகத் தமிழர்கள் இந்தியாவுக்கு என்று முடிவானது. அவர்களுடைய தாத்தா, பாட்டிகளில் பலர் தனுஷ்கோடி வழியாகக் கப்பலேறிப் போனவர்கள். பேரப்பிள்ளைகள் திரும்பும்போது அந்தத் துறைமுகமே இல்லை. ராமேஸ்வரத்தில் இறங்கியவர்களில் பலர் கொடைக்கானல் மலையில் மரம் வெட்டும் கூலிகளானார்கள். 1983-க்குப் பிறகு போருக்குத் தப்பிப் படகில் வந்தவர்கள் பலர் கரையேறியது இதே தனுஷ்கோடி மணலில். வாழத் தகுதியற்றது என்று எழுதிவைத்த இடம், அவர்களுக்கு உயிர் பிழைத்த இடம். அப்படி வந்தவர்களுக்காகத் திண்டுக்கல் பக்கம் தோட்டனூத்தில் முகாம் இருந்தது. 2022-இல்தான் அங்கே 321 வீடுகள் கட்டித் திறந்தார்கள். வந்து கிட்டத்தட்ட 40 வருடம் கழித்து.

பாலத்துக்கு 46 நாள் போதுமாக இருந்தது. அந்த வேகம் நமக்குத் தெரியாததல்ல. யாருக்காக அவசரப்படுவது என்பதுதான் விஷயம். "புயல்ல அழிஞ்ச ஊரு" என்று இப்போது யாராவது சொன்னால், மறுநாள் காலையில் அங்கே யார் வந்தார்கள், யார் வரவில்லை என்று கேட்கத் தோன்றுகிறது.

அந்த அம்மாவிடம் வாங்கிய சங்கு என் மேசை மேல் இருக்கிறது. யார் கேட்டாலும், தனுஷ்கோடிக்காரங்ககிட்ட வாங்கினது என்றே சொல்கிறேன்.